சுடலைமுத்து காத்திருந்து பிடித்த களவு

வெள்ளவத்தைக் காலி வீதியில் புடவைக் கடைக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஷிப்லி முதலாளியின் கடைக்குப் போனவர்களுக்கு மட்டும் வெளியே வரும்போது ஒரு கண்டம் காத்திருக்கும். அந்தக் கண்டத்தின் பெயர் சுடலைமுத்து.

கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் அவருக்கென்று ஒரு ஸ்டூல் உண்டு. அதில் அவர் உட்கார்ந்ததாகச் சரித்திரமே இல்லை. நின்றபடி பில்லை வாங்குவார். பையைத் திறக்கச் சொல்வார். பில்லுக்கும் பைக்கும் ஒரு நொடி, மீதி நேரமெல்லாம் ஆளின் முகத்துக்கு. கனடாவிலிருந்து கலியாணக் கூறை எடுக்க வந்த குடும்பமாக இருந்தாலும் சரி, கிருலப்பனையிலிருந்து பிள்ளைக்குச் சீருடைத் துணி வாங்க வந்த தாயாக இருந்தாலும் சரி, அந்தப் பார்வையில் தள்ளுபடி கிடையாது. ஒன்றும் எடுக்காதவர்களே பையை இரண்டு தரம் திறந்து காட்டுவார்கள். "என்ன இப்பிடிப் பாக்கிறியள், நான் என்ன கள்ளியோ?" என்று சண்டைக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். சுடலைமுத்து அசைய மாட்டார். "நீங்க நல்லவங்கன்னா உங்களுக்கு என்னாங்கம்மா பயம்?" என்பார். இதற்கு என்ன பதில் சொல்வது? சுத்த அடாவடிக்கு யார்தான் பதில் சொல்ல முடியும்?

தொழிலில் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. கடைக்குள் வைத்து ஒருவரையும் பிடிக்கக் கூடாது. உள்ளே வைத்துக் கையைப் பிடித்தால், "காசு கட்டத்தானே கொண்டு போறன்" என்று சொல்லித் தப்பிவிடுவார்கள். பிறகு முதலாளிதான் மன்னிப்புக் கேட்க வேண்டும். சந்தேகம் வந்துவிட்டால் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், வாசலைத் தாண்ட விட வேண்டும். ஒரு கால் வெளியே பட்டுவிட்டால் பிறகு பேச்சுக்கே இடமில்லை. ஒருமுறை ஒரு பெண்மணி விறுவிறுவென்று உள்ளே வந்தாள், போகும்போது தேர் மாதிரி அசைந்து போனாள். பில்லும் சரி, பையும் சரி. சுடலைமுத்து சிரித்த முகத்தோடு கதவைத் திறந்துவிட்டார். அவள் வெளியே கால் வைத்த பிறகுதான் கடைப் பெண்களைக் கூப்பிட்டு மறித்தார். உடுத்தியிருந்த சேலைக்குள் இன்னும் மூன்று சேலை இருந்தது. அந்தக் கதையை ஷிப்லி முதலாளி பெருநாள் விருந்தில்கூட ஆட்களுக்குச் சொல்லிக் காட்டுவார்.

வீடு கொட்டாஞ்சேனையில், ஒரு சந்துக்குள். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வீட்டில் அவரும் மனைவி பாக்கியலெட்சுமியும்தான். பொழுது சாய வந்து சட்டையைக் கழற்றி மாட்டியதும் பிளேன்டீ வரும். அதைக் குடித்துக்கொண்டே அன்றைக்கு உலகத்தில் நடந்த மோசடிகளையெல்லாம் அவளுக்குச் சொல்வார். பஸ் கொண்டக்டர் மிச்சக் காசில் அடிப்பது, காஸ் சிலிண்டரில் பாதி தண்ணீர், தொலைக்காட்சியில் லொத்தர் சீட்டு இழுப்பதில் உள்ள சூது, எல்லாம் வரும். பாதி அவர் கண்டது, பாதி அந்த நேரத்தில் வாயில் வந்தது. பாக்கியம் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்பாள். மீன்காரன் தராசில் காந்தம் வைத்திருக்கிறான் என்று அவர் ஒரு நாள் சும்மா சொல்லிவைத்தார். மறுநாளே அவள் மீன்காரனை மாற்றிவிட்டாள். அதை அவர் கவனிக்கவே இல்லை. ஊரார் பையைக் கிண்டிக்கொண்டிருந்த மனுஷனுக்கு வீட்டைக் கவனிக்க ஏது நேரம்?

போன வருஷம் தலைவலி வந்தது.

சாதாரணத் தலைவலி என்றுதான் நினைத்தார். நெற்றிப் பொட்டுப் பக்கத்தில் விண்விண்ணென்று குத்தியது. சீப்புப் பட்டாலே தோல் எரிந்தது. பிறகு மொறுமொறுவென்று சுட்ட ரோஸ்பாணைக் கடித்தால் நாலு வாய்க்குள் தாடை களைத்துப்போனது. பாண் பேக்கரிக்காரன் மாவில் எதையோ கலக்கிறான் என்று முடிவுகட்டி, பேக்கரியை மாற்றினார். தாடை மாறவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, கடையில் நல்ல கூட்டம். இடது கண்ணில் மேலேயிருந்து ஒரு திரை இறங்கியது. சுடலைமுத்துவுக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? "முதலாளி! எவனோ களவெடுக்க லைட்டை நிப்பாட்டிட்டான்! கதவை மூடுங்க!" என்று கத்தினார். கடையே அவரைத் திரும்பிப் பார்த்தது. லைட் எல்லாம் பளபளவென்று எரிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் திரை விலகிவிட்டது. ஆனால் ஷிப்லி முதலாளி விடவில்லை. "சுடலை நாநா, கண்ணோட வெளாட ஏலா. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க. கண் சரியாகி வாங்க, கதவு எங்கயும் ஓடாது" என்று த்ரீவீலர் பிடித்து அனுப்பிவைத்தார்.

கண் சரியாகி வாங்க என்ற அந்த வார்த்தைதான் வழி முழுக்கச் சுடலைமுத்துவின் காதில் நின்றது. கண் சரியாகாவிட்டால்? வாசலில் நிற்கிறவனுக்குக் கண்ணை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

பொரளைப் பக்கத்தில் உள்ள அந்த ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தவர் டாக்டர் மயூரி. சின்ன வயசு, யாழ்ப்பாணப் பேச்சு. பொட்டுப் பக்கத்து நரம்பை விரலால் தடவிப் பார்த்தாள். இரத்தம் எடுத்தாள். அன்று பின்னேரமே உட்கார வைத்துக் கதைத்தாள்.

"ஐயா, உங்கட தலையிலயும் கழுத்திலயும் ஓடுற பெரிய இரத்தக் குழாய்களின்ர சுவர் வீங்கிப் போயிருக்கு. கண்ணுக்குப் போற குழாயும் அதில ஒண்டு. அது அடைபட்டா கண் போயிடும். போனா திரும்பி வராது. அதால இண்டைக்கே குளிசை தொடங்கவேணும்."

"கிருமியா டாக்டர்?"

"இல்லை. உங்கட உடம்பைக் காவல் காக்கிற செல்கள் இருக்கெல்லோ, அதுகள்தான். ஒரு பிழையும் செய்யாத குழாய்ச் சுவருக்குள்ள கூட்டமாப் போய் நிண்டு அடிக்குதுகள்."

சுடலைமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. "காவல்காரன் சும்மா அடிக்க மாட்டான் டாக்டர். அவன் எதையாவது பாத்திருப்பான்" என்றார்.

டாக்டர் சிரித்துவிட்டு இன்னொரு விஷயம் சொன்னாள். அந்தச் செல்கள் குழாய்ச் சுவரில் எங்கெங்கே கூடி நிற்கின்றன என்று படம் எடுத்துப் பார்க்கும் ஆய்வு ஒன்று நடக்கிறது. ஊசியில் போகும் ஒரு மருந்து அந்தச் செல்களில் போய் ஒட்டும். படத்தில் அந்த இடம் வெளிச்சமாகத் தெரியும். இப்போது ஒரு படம், குளிசை எடுத்துச் சில வாரம் போனபின் இன்னொரு படம். செல்கள் அடங்கிவிட்டனவா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். "விருப்பமெண்டா மட்டும் சேருங்கோ ஐயா. சேராட்டியும் வைத்தியம் நடக்கும். செலவு ஒண்டும் இல்லை, பஸ் காசும் நாங்களே தருவம்."

பஸ் காசு! சுடலைமுத்துவின் மூக்கு வியர்த்தது. இந்த நாட்டில் பனடோல் குளிசை வாங்க வரிசையில் நின்ற காலம் இன்னும் மறக்கவில்லை. இவள் இலவசமாகப் படம் எடுத்து, கையில் பஸ் காசும் வைப்பாளாம். யாரை ஏமாற்றப் பார்க்கிறாள்? ஆனால் கண்ணை நினைத்தார். சம்மதம் என்று கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்து பாக்கியத்திடம் அவர் சொன்னது வேறு. "நம்மள எலியாக்குறானுக, தெரியுமா? வெளிநாட்டுல இருந்து மருந்து வந்திருக்குது. ஏழை ஒடம்புல போட்டுப் பாக்குறானுக. செத்தா நமக்குப் பாடை, பொழைச்சா அவனுகளுக்குப் பட்டம்."

"அப்ப எதுக்குங்க கையெழுத்துப் போட்டீங்க?"

"நான் ஏமாறுற ஆளா? உள்ள போய்ப் பாத்தாத்தானே இவனுக என்னா செய்றானுகன்னு தெரியும்" என்றார். மார்பை நிமிர்த்தித்தான் சொன்னார். எனக்குக் கண் போய்விடும் என்று பயமாக இருக்கிறது என்ற ஒரு வரியை மட்டும் அவர் வாயிலிருந்து பிடுங்க முடியாது. அந்த மாதிரிப் பிறவி.

மறுநாள் முதல் படம். வெள்ளையடித்த சின்ன அறையில் சாய்கதிரையில் உட்கார வைத்தார்கள். நர்ஸ் ஒரு கனத்த பெட்டியிலிருந்து ஊசியை எடுத்துப் போட்டாள், போட்ட கையோடு வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டாள். சுடலைமுத்துவின் கண் கதவிலேயே நின்றது. நல்ல மருந்து என்றால் இவள் ஏன் ஓடுகிறாள்? ஒரு மணித்தியாலம் அசையாமல் இருக்கச் சொன்னார்கள். பிறகு பெரிய வளையத்துக்குள் அவரைப் படுக்க வைத்துத் தள்ளினார்கள். "அங்கிள், ஹெல்லென்ன எபா" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிங்களப் பையன் சொன்னான். அசையாதே என்கிறான், அவனோ கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாக நிற்கிறான். போகும்போது இன்னொன்றும் சொன்னார்கள்: இன்றைக்கு மட்டும் கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் போகவேண்டாம், மருந்தின் கதிர் நாளைக்குள் உடம்பை விட்டுப் போய்விடும்.

டாக்டர் படத்தைக் காட்டினாள். கறுப்பு உருவத்தில், நெஞ்சிலிருந்து கிளம்பும் பெரிய குழாயும் கழுத்தின் இரண்டு பக்கமும் பொட்டும் தணலாக ஒளிர்ந்தன. "இது என்னோடதுதானா?" என்று கேட்டார் சுடலைமுத்து. அவள் மூலையில் இருந்த பெயரைக் காட்டினாள். பெயரை யார் வேண்டுமானாலும் எழுதலாமே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

இதெல்லாம் அன்றைக்குப் பிளேன்டீயோடு பாக்கியத்துக்குப் போனது, கூடக் கொஞ்சம் உப்பும் புளியும் சேர்ந்து. "ஊசிய போட்டவ உசிரக் கையில புடிச்சிக்கிட்டு ஓடுறா! புள்ளைத்தாச்சி பக்கம் போவாதேங்கிறான்! அப்ப எனக்குள்ள என்னா ஏத்திருக்கான், சொல்லு பாப்பம்?"

பாக்கியம் ஊசி போட்ட அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குளிசைகளை ஆஸ்பத்திரியில் பெட்டியாகக் கொடுத்தார்கள். சுடலைமுத்து ஒவ்வொரு பெட்டியையும் திருப்பித் திருப்பி, சீல் உடையவில்லை என்று பார்த்துத்தான் வாங்குவார். வீட்டுக்குக் கொண்டுவந்து பாக்கியத்தின் கையில் கொடுப்பதோடு அவர் வேலை முடிந்தது. காலையில் அவள் தகட்டிலிருந்து எடுத்து, உள்ளங்கையில் வைத்து நீட்டுவாள். அவர் மொத்தமாக வாயில் போட்டு, தேநீரை ஊற்றி விழுங்குவார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து காய்ச்சல் மருந்தானாலும் பேதி மருந்தானாலும் அந்த வீட்டில் அப்படித்தான்.

பேய்க் கசப்பு. ஆனால் இரண்டே நாளில் தலைவலி பறந்துவிட்டது. ரோஸ்பாண் பழையபடி நொறுங்கியது, கடைக் கதவுக்கும் திரும்பிவிட்டார். காலையில் எழுந்ததும் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் சுவர்க் கலண்டரைப் பார்ப்பார். தேதி தெளிவாகத் தெரியும். யாரும் பார்க்காதபோது கலண்டரில் இருந்த முருகனுக்கு ஒரு கும்பிடு போடுவார்.

குளிசை சும்மா இருக்குமா? முகம் உருண்டது. அகோரப் பசி வந்தது. ராத்திரித் தூக்கம் போய், பகலில் எரிந்து விழுந்தார். இப்படியெல்லாம் வரும், பயப்பட வேண்டாம், எங்களைக் கேட்காமல் மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். அதைச் சுடலைமுத்து பாக்கியத்துக்குச் சொல்லவில்லை. கண்ணாடியைப் பார்த்து, "பாத்தியா, எலிய ஊத வைக்கிறானுக. அந்தக் குளிசைக்குள்ள என்னா எழவு இருக்கோ" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு ஒழுங்காகக் கையை நீட்டினார்.

போதாததற்குப் பக்கத்து வீட்டு நிப்லா ஒரு நாள் வாசலில் நின்று, "இந்தக் குளுசைதான் அக்கா எங்கட மாமிக்கும் குடுத்த. மொகம் ஊதி, சீனி வருத்தம் வந்து, கடைசீல எலும்பெல்லாம் உக்கிப் போன" என்று பாக்கியத்திடம் சொல்லிவிட்டுப் போனாள். மாமிக்கு வேறு நோய் என்பதும் அவர் அந்தக் குளிசையைப் பல வருஷம் குடித்தவர் என்பதும் நிப்லாவுக்கே சரியாகத் தெரியாது.

அதற்குப் பிறகு ஒரு காலையில் குளிசை கசக்கவில்லை.

சுடலைமுத்து நாக்கைச் சப்புக்கொட்டினார். "என்னா இது, சப்புன்னு கெடக்கு?"

"கம்பெனிய மாத்தியிருப்பாங்க" என்றாள் பாக்கியம். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

கம்பெனியா? போய்ப் பெட்டியைப் பார்த்தார். அதே பெட்டி, அதே எழுத்து. அவர் மண்டைக்குள் மணி அடித்தது. இப்படியான ஆய்வுகளில் சில பேருக்கு வெறும் மாவுக் குளிசை கொடுத்து வேடிக்கை பார்ப்பார்கள் என்று யாரோ ஒரு வீடியோவில் சொன்னதைப் பார்த்திருக்கிறார். "புடிச்சிட்டேன்! பெட்டி அதேதான், உள்ளதான் மாத்திட்டானுக. டம்மி குடுக்குறானுக பாக்கியம், டம்மி!"

பாக்கியம் துருவிய தேங்காயையே மறுபடி துருவினாள்.

முகம் வற்றியது, பசி அடங்கியது, தூக்கம் வந்தது. அடுத்த வாரமே பொட்டில் விண்விண் திரும்பியது. புத்தியுள்ள மனுஷன் என்ன செய்வான்? ஓடிப்போய் டாக்டரிடம் சொல்வான். சுடலைமுத்து சொல்லவில்லை. இடையில் அவள் போனில் கூப்பிட்டு, "தலைவலி எப்பிடி ஐயா?" என்று கேட்டபோதும், "ஒண்ணும் இல்லீங்க, நல்லா இருக்கேன்" என்றார். உள்ளே வைத்துப் பிடிக்கக் கூடாது. இப்போது கேட்டால் அது பிழை, இது பிழை என்று மழுப்பிவிடுவார்கள். இரண்டாவது படம் வரட்டும். டம்மி குடித்தவன் உடம்பு எப்படியிருக்கிறது என்று அவர்கள் படமே சொல்லட்டும். வாசலைத் தாண்டட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு வலியைப் பொறுத்தார். தாடை நோகச் சோறு தின்றார். கலண்டரில் தேதி கொஞ்சம் மங்கியது. அதையும் பொறுத்தார். மடத்தனத்துக்கு இவ்வளவு வைராக்கியம் இருந்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இரண்டாவது படமும் வந்தது. டாக்டர் மயூரி இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தாள். சுடலைமுத்து படத்தைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தார். அவள் புருவம் சுருங்கியது. இரண்டாவது படத்தில் தணல் அடங்கவில்லை. கழுத்தில் முன்னைவிடக் கூடப் பரவியிருந்தது.

"ஐயா, குளிசை ஒழுங்கா எடுக்கிறீங்களோ?"

"ஒரு நாள் தவறல."

"மறந்துபோய் விட்டிருந்தாலும் சொல்லுங்கோ, ஏசமாட்டன். இவ்வளவு குளிசை எடுத்த ஆளுக்கு இந்தப் படம் இப்பிடி இருக்காது. முகத்திலயும் ஊத்தம் இல்லை. தலை நோகுதோ?"

"ஒரு மாசமா நோகுது" என்றார் சுடலைமுத்து, வெற்றிக் களிப்போடு. "ஏன் நோகுதுன்னு உங்களுக்குத்தான் தெரியும். என்னையத் திருடன்னு சொல்ல வர்றீங்களா? குளிசைய மாத்தினது நீங்க! டம்மி குடுத்து எம் மேல பரீட்சை பாத்தீங்க!"

டாக்டருக்கு முகம் வெளுத்தது. அவள் கோபப்படவில்லை. "ஐயா, அதைப் பிறகு கதைப்பம். ஆர் என்ன செய்ததெண்டாலும் பரவாயில்லை. இண்டைக்கே வோர்டில நில்லுங்கோ. நரம்பில மருந்து ஏத்தவேணும். உங்கட கண்ணுக்கு இப்ப நேரமில்லை, விளங்குதோ? கும்பிட்டுக் கேக்கிறன்" என்றாள்.

"டம்மியக் குடுத்திட்டு இப்ப ஊசியா? நாளைக்கு வாறேன், சாட்சியோட வாறேன்" என்று எழுந்து வந்துவிட்டார். அவள் வராந்தாவரை பின்னாலேயே வந்தாள். அவர் திரும்பவே இல்லை.

விடிந்து கண் விழித்தபோது இடது பக்கம் இருட்டாக இருந்தது. வலது கண்ணைப் பொத்தினார். கலண்டரும் இல்லை, சுவரும் இல்லை. விலகும் விலகும் என்று கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். விலகவில்லை. பாக்கியம் வழக்கம்போல உள்ளங்கையை நீட்டினாள். அவளைப் பயமுறுத்தக் கூடாது என்று ஒன்றும் சொல்லாமல் வாங்கி, குடிப்பது போலக் குடித்து, குளிசைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, சந்தின் சுவரைத் தடவித் தடவி வீதிக்கு வந்து த்ரீவீலர் ஏறினார். தட்டுத்தடுமாறி டாக்டரின் அறைக்குள் நுழைந்து, அந்தக் குளிசைகளை மேசையில் கொட்டினார்.

"இந்தா, பாருங்க! கண்ணு போச்சு டாக்டர்! இடது கண்ணு சுத்தமாப் போச்சு! இதான் நீங்க எனக்குக் குடுத்த மருந்து!"

மயூரி முதலில் அவர் கண்ணில்தான் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். நர்ஸைக் கூப்பிட்டு மருந்து ஏற்ற ஆயத்தம் செய்யச் சொன்னாள். பிறகுதான் குளிசையை எடுத்துப் பார்த்தாள்.

"இது எங்கட குளிசை இல்லை ஐயா. இது கல்சியம். எலும்புக்கு கிளினிக்கில குடுக்கிறது."

"அதத்தானே நானும் சொல்றேன்! டம்மி!"

அவள் அலுமாரியைத் திறந்து, சீல் உடையாத ஒரு பெட்டியை அவர் கையிலேயே கொடுத்தாள். "நீங்களே பாருங்கோ. நீங்களே உடையுங்கோ."

சுடலைமுத்து தெரிகிற கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துச் சீலைப் பார்த்தார். பழுதில்லை. உடைத்தார். தகட்டை அழுத்தினார். சின்னக் குளிசை, நடுவில் ஒரு கோடு. மேசையில் கிடந்ததைவிடச் சின்னது. நாக்கில் வைத்தார். பழைய பேய்க் கசப்பு.

"உங்களுக்குத் தந்த பெட்டியெல்லாம் இப்பிடித்தானே சீலோட இருந்தது?"

"ஆமா. நான் பாக்காம வாங்க மாட்டேன்."

"வீட்டில தகட்டில இருந்து எடுத்துத் தாறது ஆர் ஐயா?"

சுடலைமுத்து கையிலிருந்த பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் சீல் உடையவில்லை. வழியில் பை அவர் கையை விட்டு இறங்கவில்லை. வீட்டு வாசல்வரை அவரே காவல். அதற்கப்புறம் அந்தப் பெட்டிக்கும் அவர் வாய்க்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு கை. கடையில் ஆயிரம் களவை இப்படித்தான் அவர் கணக்குப் பார்த்திருக்கிறார். நர்ஸ் வந்து தோளைத் தொட்டபோது சின்னப் பிள்ளை மாதிரி எழுந்து பின்னால் போனார்.

போகும்போது டாக்டர் உண்மையை மறைக்காமல் சொன்னாள். "இடது கண் இனித் திரும்பாது ஐயா. எனக்கு உங்களை விடக் கவலை. மற்றக் கண்ணைக் காப்பாத்தலாம், அதுக்காகவாவது எங்களை நம்புங்கோ."

பின்னேரம் பாக்கியம் வந்தாள். டாக்டர் போனில் சொல்லியிருக்கிறாள் போலும். வரும்போதே அழுதுகொண்டு வந்தாள். கட்டிலருகில் வந்து நின்றாள், உட்காரவில்லை. சுடலைமுத்து தலையைத் திருப்பி வலது கண்ணால் அவளைப் பார்த்தார்.

"அந்தக் குளிசையெல்லாம் எங்க பாக்கியம்?"

அவள் பொய் சொல்லவில்லை. "அரிசி டின்னுக்குள்ள இருக்குங்க. ஒண்ணையும் வீசல."

"எனக்கு என்னாத்தக் குடுத்த?"

"என்னோட கல்சியம். எனக்கு முழங்காலுக்குக் குடுக்குறது. நான் குடிக்காம ஒங்களுக்குச் சேத்து வச்சேன். எலும்பு உக்கிப் போவுதுன்னு சொன்னாங்களே, எலும்புக்கு நல்லதுதானேன்னு..."

"என் கண்ணு போச்சேடி!" வோர்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். கையில் ஏறிக்கொண்டிருந்த சேலைன் குழாய் ஆடியது. "ஒரு வார்த்த கேட்டியா? யாரக் கேட்டு மாத்துன? நீ என்னா டாக்டரா? ஊருல உள்ள திருட்டுப் பயலையெல்லாம் புடிச்சேன், கடசில என் வீட்டுல நீ..."

பாக்கியம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு வாய் கோணிக்கொண்டு அழுகை வந்தது. ஆனாலும் சொன்னாள்.

"நீங்கதானுங்க சொன்னீங்க. நம்மள எலியாக்குறானுகன்னு. ஊசிய போட்டவ ஓடுறான்னு. புள்ளைத்தாச்சி பக்கம் போவக்கூடாதுன்னாங்கன்னு. குளிசைக்குள்ள என்னா எழவு இருக்கோன்னு. ஒங்க மொகம் ஊதிக்கிட்டே வந்துச்சு. தூக்கமில்லாம அலைஞ்சீங்க. தெனமும் என் கையால அத ஒங்க வாயில போடுறப்போ எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? என் புருஷனுக்கு நானே வெசத்த குடுக்குறேனேன்னுதான் தோணும். நீங்களா நிப்பாட்ட மாட்டேங்கிறீங்க. சரி, நம்மளாவது காப்பாத்துவோம்னுதான்..."

சுடலைமுத்துவின் கோபம் போன இடம் தெரியவில்லை.

"நான் சும்மா சொன்னேன் பாக்கியம்" என்றார். "கண்ணு போயிருமோன்னு பயமா இருந்துச்சு. அத ஒன்கிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் அவனுகளத் திட்டுனேன். அதெல்லாம் ஒரு பேச்சுன்னு ஒனக்குத் தெரியாதா? நான் சொல்றதயெல்லாம் அப்பிடியே நம்புவியா?"

பாக்கியம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். என்ன கேட்கிறார் என்றே அவளுக்கு விளங்கவில்லை.

"இம்புட்டு வருசத்துல நீங்க சொன்ன எதையும் நான் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லீங்களே" என்றாள்.